பேச்சு போனவருக்கு எந்த மொழியில் சிகிச்சை?

பக்கவாதம் வந்தால் கை கால் விழுந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சும் போய்விடலாம் என்பது வீட்டில் ஒருவருக்கு வந்த பிறகே தெரிகிறது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலக்கை விழுவதோடு சொல்லும் நின்றுபோவதுண்டு. நாக்கில் குறையில்லை, புத்தி பேதலித்துவிடவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று மனதுக்குத் தெரிகிறது. அந்தச் சொல்தான் வர மறுக்கிறது. டாக்டர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள்.

ஒரே மொழி பேசுகிறவருக்கே இது பெரும் சோதனை. கர்நாடகத்தில் பிழைக்க வந்த தமிழரின் நிலை என்ன? வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடம், ஆபீஸ் ஃபைலில் ஆங்கிலம் என்று முப்பது ஆண்டு ஓட்டியவருக்குப் பேச்சு போனால், திரும்பி வருவது எது?

பிரான்சில் ரிபோ என்ற அறிஞர் 1881-ல், முதலில் கற்றதே கடைசி வரை நிற்கும் என்றார். அப்படியானால் தாய்மொழிதான் முதலில் மீள வேண்டும். அதே நாட்டு டாக்டர் பித்ர 1895-ல் இதை மறுத்தார். நோய் வந்தபோது அதிகம் புழங்கிய மொழியே முந்தும் என்பது அவர் கட்சி. இரண்டுமே முழு உண்மையல்ல. கனடாவின் மிஷேல் பாரதி 2001-ல் 132 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். நூற்றுக்கு 61 பேருக்கு மொழிகள் சமமாகவே திரும்பின. 18 பேருக்கு ஒன்று நன்றாகவும் மற்றது குறைவாகவும் வந்தது. சிலருக்கு ஒரு மொழி திரும்பவே இல்லை. மொராக்கோவில் ஒரு கன்னியாஸ்திரிக்கு ஒரு நாள் அரபு வந்தால் பிரெஞ்சு வராது, மற்றொரு நாள் பிரெஞ்சு வந்தால் அரபு வராது என்று 1982-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மூளை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை!

ஆகவே ஊகம் உதவாது. நோயாளிக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அது எங்கே நடக்கிறது? ஆஸ்பத்திரியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நான்கு கேள்வி கேட்கிறார்கள். பதில் வராவிட்டால் 'பேச்சு இல்லை' என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அவருக்குள் தமிழ் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதைக் கண்டுபிடிப்பவர் யார்? டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்டுச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான்.

'ஒரே மொழியில் பேசுங்கள், குழப்பாதீர்கள்' என்ற அறிவுரையும் வழக்கத்தில் உண்டு. அதைக் கேட்டு, பயிற்சி தரும் மொழி கன்னடம் என்பதால் வீட்டிலும் தமிழை நிறுத்துவது வீண் கொடுமை. இரு மொழியும் புழங்குவதால் குணமாவது தடைப்படும் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு மொழியில் பெற்ற பயிற்சி மற்றதற்கும் உதவுவதுண்டு. ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. பல மொழி பேசியதால்தான் மூளை கெட்டது என்ற பேச்சிலும் அர்த்தமில்லை. ஐதராபாத்தில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். சிந்தனைத் திறன் கெடாமல் தப்பியவர்கள் இருமொழியாளரில் 40.5 சதவீதம், ஒரு மொழி மட்டும் பேசியவர்களில் 19.6 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது.

பாரதி 1987-ல் வெளியிட்ட சோதனை முறை, மொழி வரலாறு பற்றிய 50 கேள்விகளுடன் தொடங்குகிறது. எந்த மொழியை எந்த வயதில் கற்றார், பள்ளியில் எது, வேலையில் எது என்பன போன்றவை அவை. இதைக் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுக்கலாம். தமிழ் அமைப்புகள் ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்த்து உதவும் இளைஞர்கள் நாலைந்து பேரைத் தயார் செய்யலாம். மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்த பேரன் கட்டிலருகே நின்று என்ன பேசுவான்?