நோய் போனது, வலி போகவில்லை



புற்றுநோய் சிகிச்சை முடித்தவர் வலிக்கிறது என்றால், "அதான் சரியாகிவிட்டதே, தைரியமாக இரு" என்கிறோம். எரிந்து விழுந்தால், "சுபாவமே மாறிவிட்டது" என்கிறோம். இரண்டையும் நிறுத்துங்கள்.

பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்புகளைக் கெடுக்கக்கூடியவை. மார்பக அறுவையில் நரம்பு அறுபட்டால் அக்குளில் எரிச்சல் ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். இதில் மனதைரியம் என்ன செய்யும்?

கவலைப்படும் சுபாவக்காரருக்கு வலி கூடுதலாகத் தெரியலாம், மறுக்கவில்லை. அதனால் வலி பொய்யாகிவிடுமா? இரவெல்லாம் தூங்காதவரிடம் பகலில் சிரித்த முகம் கேட்பது என்ன நியாயம்?

திட்டு வாங்கியவர் கடைசியில் சொல்வதையே நிறுத்திவிடுவார். உடனே "பொறுமைசாலி" என்று பட்டம் கொடுக்கிறோம். வகுப்பில் கேள்வி கேட்காத பிள்ளைக்கெல்லாம் பாடம் புரிந்துவிட்டது என்றா அர்த்தம்?

ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்கிறது சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் தந்த விளக்கம். நரம்பு வலிக்கு டுலாக்செட்டின் போன்ற மருந்துகளை டாக்டர்கள் தருகிறார்கள். வலி நிவாரணச் சிகிச்சை சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்பதும் தவறு.

அறிவுரையை விடுங்கள். "எங்கே வலிக்கிறது? எப்போது கூடுகிறது?" என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.