புகை இழுவை ஆகாது!

குதிரைத்திறனைச் சொல்லி லாரியை விற்கிறார்கள். ஆனால் ஏற்றத்தில் சுமையைத் தூக்கிச் செல்வது முறுக்குவிசை. ஓட்டுநர் மொழியில் சொன்னால், இழுவை. இதை நான் ஏட்டில் படித்தேன். பொன்முடி மலையில் உணர்ந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போனவர்கள் அங்குள்ள 22 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். என் மாமாவின் பழைய ஆறு சிலிண்டர் லாரி, சிமெண்டு மூட்டைகளோடு ஏறும்போது ஒரு வளைவில் மூச்சடங்கி நின்றது; பின்னோக்கி நகர்ந்தது. கிளீனர் குதித்துச் சக்கரத்தடியில் கல்லை வைத்திராவிட்டால், இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

“அண்ணாச்சி, பம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் வண்டி பறக்கும்” என்றார் ஒரு பட்டறைக்காரர். கூட்டினார். பறந்தது கரும்புகை! டீசல் செலவு ஏறியது, என்ஜின் கொதித்தது, சில வாரங்களில் பிஸ்டன் ஒன்று உருகியது.

பழைய என்ஜினுக்குப் புதுப் பலம் ஊட்டுவதல்ல முதல் வேலை. அது இழந்த பலத்தை மீட்பதே முதல் வேலை என்பது என் கருத்து. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய அதற்கும் மேல் வேண்டும். டர்போ இல்லாத என்ஜின், தானே உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பி வாழ்வது. காற்றைக் கூட்டாமல் எண்ணெயைக் கூட்டினால், மிச்சம் கரியாகாமல் என்ன செய்யும்?

ஆகவே, முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அடுத்து, கம்ப்ரஷனை அளந்து பாருங்கள். ரிங்கும் வால்வும் தேய்ந்திருந்தால், என்ஜின் மெதுவாகச் சுழலும்போதுதான் அழுத்தம் கசிய நேரம் மிகுதி. இழுவை முதலில் சாவது அங்கேதான். பிறகு இன்ஜெக்டர், டைமிங், பம்பு மூன்றையும் கருவியில் வைத்துச் சரிபாருங்கள். பம்பின் பிளஞ்சர் தேய்ந்தாலும், குறைந்த வேகத்தில்தான் டீசல் அளவு குறையும்.

அத்தனையும் சரியான பின்னும் போதவில்லையா? பின் அச்சின் பல்லிணையை எண்ணுங்கள். 5க்கு 1 என்ற விகிதத்தை 6க்கு 1 ஆக்கினால், சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். உச்ச வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். மலைவண்டிக்கு இது நட்டமா? டர்போ பூட்டலாம் என்பார்கள். மெதுவாக ஓடும்போது வெளிவரும் புகைக்காற்றுக்கு வலு குறைவு. அளவு தவறிய டர்போ அவ்வேளையில் உதவாது. அன்றியும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றுவது அவரவர் விருப்பமன்று.

பட்டறைக்காரரைப் பழிக்க நான் வரவில்லை. 1938இல் திருவிதாங்கூர் அரசு பேருந்து விட்டபோதே டீசல் என்ஜின் உறுமிய நகரம் இது. கைப்பழக்கம் இங்கே உண்டு, இல்லாதது அளவுகோல். அழுத்தமானியைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைத்துவிட்டு, அவர் காதால் கேட்டுக் கணித்ததைக் குற்றம் என்பது நியாயமா? பொறியியல் பயிலும் தோழர்களே, விடுமுறையில் ஒரு நாள் பட்டறைக்குப் போங்கள். மானியைக் கொண்டு போங்கள். அவர் செவியின் கூர்மையைக் கற்று வாருங்கள். அடுத்த வளைவில் எப்போதும் கல் கிடைக்கும் என்பது உறுதியில்லை!