மறியலிற் கிடக்கும் நோய்

பெருந்தோட்டத் தமிழரின் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் மந்தபோசணையைப் பற்றியும் குருதிச்சோகையைப் பற்றியும் மகப்பேற்று மரணங்களைப் பற்றியும் பேசுவர். அவை பேசப்பட வேண்டியவையே. எனினும், உளநோயுற்ற தொழிலாளி ஒருவன் சட்டத்தின் கையில் அகப்படும்போது அவனுக்கு யாது நேர்கின்றது என்ற வினா மலையகம் பற்றிய எழுத்துக்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவன் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுபவன் அல்லன். வாக்காளர் இடாப்பிற் பெயர் இருப்பினும் வாக்குக் கேட்டு எவரும் அவனிடம் செல்வதில்லை. ஊவாவின் தோட்டங்களில் உளநோய்க்குரிய சிகிச்சை பலருக்கும் பொலிஸ் நிலையத்தின் வாயிலூடாகவே முதன்முதலிற் கிடைக்கின்றது என்பதும், இம்முறை நோயாளியையும் அவன் குடும்பத்தையும் ஒருங்கே தண்டிக்கின்றது என்பதுமே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டாகும்.

இதற்கு அடிப்படையான சட்டங்கள் பழமையானவை. உளநோயாளரைத் தடுத்துவைத்தல் பற்றிய கட்டளைச் சட்டம் 1873இல் ஆக்கப்பட்டது. அக்காலத்தில் இம்மலைச்சரிவுகளில் செழித்திருந்தது தேயிலையன்று, கோப்பி. ஊவா என்றொரு மாகாணமே 1886இல்தான் தோற்றுவிக்கப்பட்டது. பதுளைக்குப் புகைவண்டி வந்துசேர 1924 வரை செல்லவேண்டியிருந்தது. அச்சட்டம் 1956இல் திருத்தப்பட்டது. 2005இல் அரசு ஏற்றுக்கொண்ட தேசிய உளநலக் கொள்கை புதிய சட்டமொன்றை வாக்களித்தது. பத்தாண்டுக்கென வகுக்கப்பட்ட அக்கொள்கையின் காலம் 2015இல் முடிவடைந்தபோதும் பழைய கட்டளைச் சட்டமே எஞ்சிநின்றது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இவ்விடயத்தில் ஓரளவு இரக்கமுள்ளது போலத் தோன்றும். சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் இயல்பையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய இயலாதவன் செய்யும் செயல் குற்றமாகாது என அதன் 77ஆம் பிரிவு கூறுகின்றது. இவ்விதி இலண்டனிலிருந்து இந்தியா வழியாக இலங்கைக்கு வந்தது. 1843இல் டானியல் மக்னோட்டன் என்பவன் பிரதமர் பீல் எனக் கருதி அவருடைய செயலாளரைச் சுட்டுக் கொன்றான். சித்த சுவாதீனமற்றவன் என யூரிமார் அவனைக் குற்றமற்றவனாகக் கண்டனர். அதனால் எழுந்த ஆரவாரத்தின் பின்னர் பிரித்தானிய நீதிபதிகள் வகுத்த விதிகளே 77ஆம் பிரிவுக்கு மூலம். ஆயின் குற்றமற்றவனாகக் காணப்பட்ட மக்னோட்டன் வீடு திரும்பவில்லை. 22 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து 1865இல் புரோட்மூர் விடுதியில் இறந்தான். விடுதலை என்ற சொல் இத்துறையில் தொடக்கத்திலேயே பொருளிழந்துவிட்டது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் அவ்வழியிலேயே செல்கின்றது. எதிரி தன் வழக்கை விளங்கிக்கொள்ள இயலாத நிலையில் இருப்பின் விளக்கம் ஒத்திவைக்கப்படும். சித்த சுவாதீனமின்மை காரணமாக விடுவிக்கப்படின் அவன் பாதுகாப்பான காவலில் வைக்கப்பட்டு, அமைச்சரின் கட்டளைக்காக அறிக்கை அனுப்பப்படும். அக்காவலுக்கு மேலெல்லையாக இத்தனை ஆண்டு என்று சட்டம் வகுக்கவில்லை. ஆறு மாதம் சிறைசெல்ல வேண்டிய குற்றத்துக்கு ஆறாண்டு அடைபட்டுக் கிடந்தாலும் சட்டம் மீறப்பட்டதாகாது. சுகதேகியான திருடனுக்குத் தன் தண்டனை முடியும் நாள் தெரியும். நோயாளிக்கு அந்த நாட்காட்டியும் இல்லை.

இவற்றைப் பெரகலச் சந்தியில் வைத்து நோக்குதல் நன்று. கொழும்பிலிருந்து வரும் பெருவீதி அங்கே பிரிந்து, ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கி ஏற, மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. அச்சந்திக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் இளைஞன் ஒருவன், அடுத்த காம்பராக்காரன் இரவு முழுவதும் தன்னைக் கொல்லச் சதி பேசுவதாகக் கேட்கின்றான் என்று கொள்வோம். சுவரோ மெல்லியது. அடுத்த காம்பராவின் இருமலும் ஏச்சும் எப்படியும் கேட்கும். எனவே அவன் சொல்வதை முதலில் எவரும் நோயென்று கருதுவதில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் தூக்கத்துக்கு ஒரு குளிசை கிடைக்கின்றது. பின்னர் கோடாங்கி வருகின்றார். ஒருநாள் கவ்வாத்துக் கத்தி அயலவன் மீது பாய்கின்றது. அன்றுதான் அரசு அவனைக் காண்கின்றது. பொலிஸ் வாகனம், நீதவான், பதுளைச் சிறையில் விளக்கமறியல், தவணை, மறு தவணை, உளமருத்துவரின் அறிக்கை, முடிவில் அங்கொடை. ஈராண்டுக்கு முன் மாதமொருமுறை ஏற்றப்படும் ஓர் ஊசிமருந்து தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக இத்தனை இயந்திரங்களும் சுழல்கின்றன.

கத்தி எடுக்காதோரும் தப்புவதில்லை. பேருந்து நிலையத்தில் தன்னுடன் தானே பேசிக்கொண்டு திரியும் பெண்ணைக் கைதுசெய்ய 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் போதும்.

கோடாங்கியைக் குறைகூறுதல் படித்தோர்க்கு எளிது. உடுக்கடித்துச் செய்வினை கழிப்பதால் உளப்பிளவு நோய் தீராது என்பதும் உண்மையே. ஆனால் அவர் இரவில் லயத்துக்கு வருகின்றார், தமிழிற் பேசுகின்றார், தாயின் கதையை முற்றாகக் கேட்கின்றார். அரசின் வைத்தியம் இம்மூன்றில் எதைச் செய்கின்றது?

மொழி இங்கே அலங்காரப் பிரச்சினையன்று. எலும்பு முறிந்ததா என்பதைக் கதிர்ப்படம் காட்டும். உளநோய்க்கு அத்தகைய படம் இல்லை. நோயாளியின் பேச்சே சான்று. அப்பேச்சு தோட்டத் தமிழில் வெளிப்பட்டு, பொலிஸ் நிலையத்திற் சிங்களத்தில் எழுதப்பட்டு, மருத்துவரிடம் வேறொருவர் வாயால் வந்துசேருமாயின், நோய் நடிப்பாகத் தோன்றலாம். நடிப்பு நோயாகவும் தோன்றலாம். தமிழ் ஆட்சிமொழியென அரசியலமைப்பு கூறுகின்றது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையும் உண்டு. ஆனால் நீதிமன்றத்துக்கு முந்திய அறைகளிலேயே ஒருவனின் விதி பெரிதும் தீர்மானமாகிவிடுகின்றது.

இன்னொரு தடையைப் பற்றிச் சட்டநூல்கள் பேசுவதில்லை. நோயாளியைக் கவனிக்கவும் அவனால் தீங்கு நேராது காக்கவும் போதிய பிணை கொடுப்போரிடம் அவனை ஒப்படைக்கச் சட்டம் இடமளிக்கின்றது. இது நல்ல ஏற்பாடே. ஆயின் பிணைக்கு ஆதனம் வேண்டும். நான்கு தலைமுறையாகக் குடியிருந்தும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்குக் காம்பராவின் மீது உறுதி கிடையாது. நிலமும் கூரையும் தோட்டத்துக்குரியவை. பண்டாரவளையிற் கடை வைத்திருப்பவனின் மகன் பிணையில் வீடு செல்ல, கொழுந்து பறிப்பவளின் மகன் அங்கொடையில் கிடப்பான். அவனைப் பார்க்கத் தாய் கொழும்பின் புறநகர் வரை செல்லவேண்டும். போகவர இரண்டு நாட் பேர் இழப்பு. பயணச் செலவு வேறு. முதலாண்டில் மும்முறை செல்பவள் மூன்றாமாண்டில் செல்வதை நிறுத்திவிடுகின்றாள். பின்னர், ‘உறவினர் எவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை’ என்று கோவையில் எழுதப்படும். வறுமை இவ்வாறு பாசமின்மையாகப் பதிவு பெறுகின்றது.

வெட்டுண்டவனுக்கு நீதி வேண்டாமா என்று கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்வி அது. உளநோயாளருட் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. தாக்கும் சிலரது கைபடுவோர் பெரும்பாலும் தாயும் மனைவியும் அயலவருமே. தாக்கியவன் ஒருநாள் திரும்பி அதே லயத்துக்கு வருவான். அவன் மருந்தோடு வருகின்றானா, மருந்தின்றி வருகின்றானா என்பதே வெட்டுண்டவனுக்கு முக்கியம். பழிவாங்கும் ஆவல் அவனை இரண்டாவது வெட்டிலிருந்து காக்காது.

மேலெல்லையற்ற காவல் எங்குபோய் முடியும் என்பதற்கு அயல்நாடே சாட்சி. அசாமில் 1951இற் கைதான ஒருவர் தேஸ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தேறிவிட்டார் என 1967இல் மருத்துவமனை அறிவித்தபோதும் வழக்கும் நடக்கவில்லை, விடுதலையும் கிட்டவில்லை. 2005இல், 54 ஆண்டுகளின் பின், முதியவராக வெளிவந்தார். மறுபுறத்தில் இத்தாலி, குற்றஞ்செய்த நோயாளரை அடைத்துவைத்த பெருவிடுதிகளை மூடி, 20 படுக்கைகளுக்கு மேற்படாத சிறு இல்லங்களை அமைத்தது. அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்துக்கு மேல் எவரையும் அங்கு தடுத்துவைக்கலாகாது என 2014ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இலங்கையிலும் மாற்றம் இயலாததன்று. தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாக்கிய 302ஆம் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. அதுவரை தோட்டத்துக் கிருமிநாசினியைக் குடித்து உயிர்பிழைத்தவர்கள் வழக்குக்கும் அஞ்சவேண்டியிருந்தது.

எனவே காவலுக்குச் சட்டத்தில் மேலெல்லை விதிக்கப்படல் வேண்டும். வழக்குக்குட்பட்ட நோயாளர் பதுளையிலேயே தமிழறிந்த ஊழியரிடம் சிகிச்சை பெறல் வேண்டும். வறியவரின் பிணைக்கு ஆதனம் கேட்கப்படலாகாது. 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை மருத்துவமனைக்கு 2008இல் தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் மாற்றியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டியவன்’ என்ற ஏச்சு மலையேறிப் பெரகல வரை பழைய பெயரிலேயே வந்துகொண்டிருக்கின்றது. சட்டத்திருத்தம் வரும்வரை காத்திராமற் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நோயாளி சிறையிலிருந்து வெளியேறும் அன்று, அவன் உட்கொள்ளவேண்டிய மருந்தின் விபரமும் அடுத்த ஊசிக்குரிய திகதியும் தமிழில் எழுதப்பட்டு ஒரு பிரதி அவன் தாயின் கையிலும், மறு பிரதி அவன் தோட்டத்து மருந்துச்சாலையிலும் சேர்க்கப்படலாம். இதற்கு அமைச்சரின் கட்டளை தேவைப்படாது.