தேனுக்குத் தராசுதான் அளவு



சில ஆண்டுகளுக்கு முன் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் 10 கிலோ தேன் வாங்கிப் போனார். நெடுநாள் வாடிக்கைக்காரர். மறுநாளே கோபத்துடன் வந்து நின்றார். "அண்ணாச்சி, அரைக்கிலோ பாட்டில் இருபது வரணும். பதினாலுதான் வந்திருக்கு. மீதி ஆறு பாட்டில் எங்கே போச்சு?" என்றார். கடையில் நாலு பேர் இருக்கும்போது கேட்ட கேள்வி இது. முத்திரைத் தராசில் அவர் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்த சரக்கு!

அவர் கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. அது அரை லிட்டர் பாட்டில். காலி பாட்டிலின் எடையைக் கழித்துக் காட்டினேன். உள்ளே இருந்தது 700 கிராம். அதற்குள் நான்கு பாட்டில்களை அரைக்கிலோ விலைக்கே விற்றுவிட்டார். 800 கிராம் தேன் இனாமாகப் போயிற்று.

லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். தேன் கணக்கு அதற்கு நேர்மாறு. லிட்டர் தேன் சுமார் 1,400 கிராம். ஒரு கிலோ தேன் 715 மில்லிக்குள் அடங்கிவிடும். பழைய கணக்கு தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: லிட்டர் தேன் ஒரு வீசை.

சிறுமலை, கொடைக்கானல் பக்கமிருந்து வரும் தேன் பெரும்பாலும் பழைய பாட்டில்களில் கைமாறுகிறது. 180 மில்லி பாட்டிலில் 250 கிராமும், 650 மில்லியில் 910 கிராமும், 750 மில்லியில் 1,050 கிராமும் பிடிக்கும். எந்தப் பாட்டில் என்று கேட்காமல் "பாட்டில் ஒரு கிலோ" என்று விலை பேசினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம்.

ஈரம் கூடினால் தேனின் கனம் குறையும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒப்படர்த்தி 1.35க்குக் குறையக் கூடாது. லிட்டருக்கு 1,350 கிராம்கூட நிற்காத சரக்கை வாங்காதீர்கள். அதே சமயம், சர்க்கரைப் பாகையும் இதே கனத்துக்குக் காய்ச்ச முடியும். எனவே எடை சரியாக இருக்கிறது என்பதற்காகச் 'சுத்தமான தேன்' என்று யாருக்கும் உறுதி கூறாதீர்கள்.

வாடிக்கையாளருக்கும் இந்தக் கணக்கு வேண்டும். வீட்டில் பஞ்சாமிர்தம் பிசைகிற அம்மா 200 மில்லி டம்ளரைச் சொல்லி "ஒரு டம்ளர் தேன்" கேட்டால், 200 கிராம் கொடுப்பது போதாது. 280 கிராம் வேண்டும். 5 மில்லி தேக்கரண்டிக்கு 7 கிராம், 15 மில்லி மேசைக்கரண்டிக்கு 21 கிராம், 240 மில்லி கப்புக்கு 335 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தேன் போன்ற பிசுபிசுப்பான பொருளுக்கு நிகர அளவை எடையில்தான் குறிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் லேபிளில் கிராம் போடத் தவறாதீர்கள்.

'எதில் ஊற்றப் போகிறீர்கள்?' என்று அன்றைக்கு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது என் தவறு. இனி தேனை எடையிலேயே வாங்கி எடையிலேயே விற்பது என்று நம் சங்கம் முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன கணக்கை ஒரு சிறு அட்டையாக அச்சிட்டு, உறுப்பினர் கடைகளில் தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிட ஏற்பாடு செய்தால் நல்லது. அச்சுக்கூலியில் என் பங்கைத் தரத் தயாராக இருக்கிறேன்.