நின்றுபோன வண்டிக்கு விலை ஏறுமா?

சென்ற வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. சாப்பாடு முடிந்து நான் ஈஸிசேரில் சாயும் நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் பணம் கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

"தாத்தா, நான் வெச்சிருக்கிற ஆர்.சி. கார் மாடலை கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். கடையில கடைசியா ரெண்டு பீஸ் இருக்கு. ரெண்டும் சேர்த்து நாற்பதாயிரம். பிரிக்காம அப்படியே வெச்சா இருபது வருஷத்துல லட்சக்கணக்குல போகும்."

ஆர்.சி. கார் என்றால் ரேடியோ ரிமோட்டில் ஓடும் வண்டி. திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை அல்ல. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டலாம், உடைந்ததை மட்டும் தனியாக வாங்கலாம். பெரியவர்களே இதற்காகச் சொத்தை அழிக்கிறார்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதியவன். மாடல் நின்றுபோனால் உதிரிப் பாகம் கிடைக்காது, ஆகவே கண்டம் செய்து ஏலத்துக்கு விடு என்பதுதான் எங்கள் பாடம். டைப்ரைட்டரும் சைக்ளோஸ்டைல் மெஷினும் என் கண்ணெதிரே பழைய இரும்பு விலைக்குப் போயின. அபூர்வப் பொருள் என்று ஒருவரும் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

ஆனாலும் பையன் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஜப்பானில் ஷிஸுவோகா என்ற ஊரில் தமியா என்ற கம்பெனி இருக்கிறது. 1976-இல் போர்ஷே 934 என்ற பந்தயக் காரின் சிறிய வடிவத்தை ரேடியோவில் ஓடும்படி செய்து விற்றார்கள். 1979-இல் 'சாண்ட் ஸ்கார்ச்சர்' வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உடம்போடு மணலில் ஓடும் வண்டி. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிய பையன்கள் வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதைத் தேடினார்கள். அதற்குள் அது நின்றுபோயிருந்தது. விலை ஏறியது.

எதனால் ஏறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நின்றுபோனதால் மட்டும் ஏறவில்லை. அன்றைக்கு அதை வாங்கியவர்கள் யாரும் பெட்டியோடு பத்திரப்படுத்தவில்லை. மணலிலும் சேற்றிலும் ஓட்டி உடைத்துத் தீர்த்தார்கள். அதனால்தான் பிரிக்காத பெட்டி அபூர்வம் ஆனது. இன்றைக்கோ என் பேரனைப் போல ஆயிரம் பேர் முதல் நாளே பெட்டியை மூடி வைக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தினால் அதில் அபூர்வம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது சங்கதி, கம்பெனிக்காரன் ஏமாளி அல்ல. பழைய வண்டிக்கு மவுசு இருப்பதைப் பார்த்து அதையே மறுபடி தயாரித்து விற்றான். 1984-இன் 'ஹார்னெட்' 2004-இல் திரும்பி வந்தது. 1988-இன் 'அவான்ட்' 2011-இல் வந்தது. சாண்ட் ஸ்கார்ச்சரே 2010-இல் வந்துவிட்டது. கியோஷோ என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனியும் தன் 1982-ஆம் வருஷத்து 'ஸ்கார்ப்பியன்' வண்டியை 2014-இல் திரும்பக் கொண்டுவந்தது. அசல் பழைய பெட்டி, அதுவும் பிரிக்காதது, அதற்குத் தனி மதிப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் சும்மா ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுவது ஒரு சில சேகரிப்பாளர்கள். அவர்களுக்கு அட்டைப்பெட்டியின் மூலை மடங்கியிருந்தாலே முகம் சுளிக்கும்.

மூன்றாவது, கணக்கு. நாற்பதாயிரத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் இருபது வருஷத்தில் ஒன்றரை லட்சம் தாண்டும். அந்த இரண்டு பெட்டிகளும் அத்தனைக்கு விற்றால்தான் நஷ்டம் இல்லை. பாங்குப் பணத்தில் கரையான் ஏறாது, பல்லி முட்டை வைக்காது.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பேரன் தலையை ஆட்டினான், மனசு ஒப்பவில்லை. எழுந்து போய்ப் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினேன்.

எங்கள் ஊரில் பல வீடுகளைப் போல எங்கள் குடும்பத்திலும் ஒரு பாதி பிரான்சில். அக்காள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1986-இல் புதுச்சேரிக்கு விடுமுறைக்கு வந்தபோது என் மகனுக்குத் தமியாவின் 'கிராஸ்ஹாப்பர்' வண்டி கொண்டுவந்தார். அவனுக்கு அப்போது எட்டு வயது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பூட்டினார்கள். மொட்டைமாடியில் ஓட்டினான். நாலாவது தடவை கைப்பிடிச் சுவரில் மோதி முன்பக்கம் கீறியது. அதன் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. "இது விளையாடுற சாமான் இல்லடா, பின்னாடி நல்ல விலை போகும்" என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

பெட்டியைத் திறந்தோம். ரிமோட்டுக்குள் பேட்டரி கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. டயர் விரலால் அழுத்தியதும் வெடித்தது. ஸ்டிக்கர்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. கடற்காற்று திருகாணிகளைக்கூட விடவில்லை. பேரன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கிராஸ்ஹாப்பரும் 2005-லேயே மறுபடி வந்துவிட்டதாம். புத்தம் புதுசு அவனுடைய வண்டியைவிட மலிவு.

சென்னையிலிருக்கும் மகனிடம் இரவு போனில் சொன்னேன். "அதுவா? நான் மொத்தமே நாலு தடவைதான் ஓட்டியிருப்பேன்ப்பா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பிரெஞ்சுப் பள்ளியில் லா ஃபோந்தேன் கதைகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். புதையலைப் பறிகொடுத்த கருமியின் கதை அதில் ஒன்று. மண்ணில் புதைத்த பணத்தைத் திருடன் கொண்டுபோய்விட, அழுகிறவனிடம் வழிப்போக்கன் சொல்வான்: அதைத்தான் நீ தொடவே இல்லையே, அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துக்கொள், இரண்டும் உனக்கு ஒன்றுதான். ஒப்பித்ததற்கு இருபதுக்குப் பதினெட்டு மார்க் வாங்கினேன். ஒப்பித்ததோடு சரி.

பேரனுக்கு நாற்பதாயிரம் தரவில்லை. ஐயாயிரம் கொடுத்தேன். மாடல் நின்றுவிட்டது என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பல்சக்கரம், டயர், சஸ்பென்ஷன் கை எல்லாம் இப்போதே வாங்கி வைத்துக்கொள், இருக்கிற வண்டியை ஓட்டு என்றேன். புதிதாக வந்த கிராஸ்ஹாப்பரின் டயர் பழைய வண்டிக்கும் பொருந்துமாம். விலையைக் கெடுத்த அந்த மறுவெளியீடுதான் இப்போது என் வண்டியை ஓட வைக்கப் போகிறது. ஒரு செட் டயரும் புது ரிமோட்டும் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு மகன் வருகிறான்.