ஓட்டுக்குத் தமிழ், ஜப்திக்கு வேறு மொழியா?

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர் பெயர் தமிழிலும் அச்சாகிறது. பள்ளிப் பாடநூல் தமிழில் வருகிறது. அரசுப் பணித் தேர்வாணையம் வினாத்தாளைத் தமிழில் தருகிறது. ‘தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர்’ என்று தனிப் பணியிடமே அறிவித்து ஆள் எடுக்கிறது. ஆனால் வரி பாக்கி என்று வந்துவிட்டால் போதும், கேரள அரசுக்குத் தமிழ் அடியோடு மறந்துபோகிறது. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஆங்கிலத்தில் வருகிறது. அதைக் கவனிக்கத் தவறியவர் வீட்டுக்கு வில்லேஜ் ஆபீஸ் வழியாக ஆர்.ஆர். (வருவாய் மீட்பு) நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. இரண்டையும் படிக்கத் தெரியாதவர் கடைசியில் ஜப்தி என்ற ஒரு சொல்லை மட்டும் புரிந்துகொள்கிறார். இது நிர்வாகக் குறைபாடு என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடிய விஷயம் அல்ல. அநீதி. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எல்லைத் தமிழர்களுக்கு மலையாளம் தெரியாதா என்று திருவனந்தபுரத்தில் கேட்பார்கள். கேட்டால் புரியும், சரளமாகப் பேசவும் செய்வார்கள். எழுத்து வேறு. தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கி விற்பவருக்கும், கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் சந்தை மலையாளம் கைவந்தது. சட்டப் பிரிவு எண்களோடு வரும் அரசாங்க மலையாளம் அப்படியல்ல. அதை மலையாளிகளே இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

நோட்டீஸ் வரும் வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். சிறு வியாபாரியின் ஜி.எஸ்.டி. பதிவை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் டவுனில் இருக்கும் கணக்காளர். கைபேசி எண்ணாகவும் மின்னஞ்சலாகவும் அவர் தம்முடையதையே போட்டுவிடுவது வழக்கம், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். டி.ஆர்.சி-01 என்ற விளக்கம் கேட்கும் நோட்டீஸ் போர்ட்டலில் ஏறுகிறது. அதுவும் நெடுநாள் வரை ‘கூடுதல் நோட்டீசுகள்’ என்ற தனி மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. பதில் தர வழக்கமாக 30 நாள். கணக்காளர் மாறியிருந்தால், அல்லது மாதாந்திரக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு வெளியேறினால், அந்த 30 நாள் யாருக்கும் தெரியாமலேயே கரைந்துவிடும். அடுத்து டி.ஆர்.சி-07, அதாவது தொகையைக் கட்டச் சொல்லும் உத்தரவு. மேல்முறையீட்டுக்கு 3 மாதம், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள மேலும் 1 மாதம், அதற்கு மேல் கதவு மூடல். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்டினால்தான் மேல்முறையீடே ஏற்கப்படும். 2017-18, 2018-19, 2019-20 ஆண்டுகளுக்கான கோரிக்கைகள் காலக்கெடு முடிவதற்குள் 2023 கடைசியிலும் 2024-இலும் அவசர அவசரமாக எழுதப்பட்டவை. அந்த அவசரத்தில் வியாபாரிக்குப் புரிந்ததா என்று யார் கேட்டிருப்பார்கள்?

சாலையில் நடப்பது இதைவிட மோசம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடி போனது. பறக்கும் படை போகவில்லை. வண்டியை நிறுத்தி இ-வே பில்லில் குறை கண்டால் முதலில் எழுதப்படுவது எம்.ஓ.வி-01 என்ற படிவம். அது ஓட்டுநரின் வாக்குமூலம். என்ன சரக்கு, எங்கிருந்து, யாருக்கு என்று அவர் சொன்னதாக எழுதி, கீழே அவர் கையெழுத்து. போடிமெட்டிலோ குமுளியிலோ கோபாலபுரத்திலோ நடுராத்திரியில் நிற்கும் தமிழ் ஓட்டுநர், தாம் என்ன ‘சொன்னோம்’ என்பதைப் படித்துப் பார்க்க முடியாமல் கையெழுத்துப் போடுகிறார். பின்னால் விதிக்கப்படும் அபராதம் வரியைப்போல இரண்டு மடங்கு. அந்த அபராதத்துக்கு முதல் சாட்சியம் அவருடைய கையெழுத்து!

2021-இல் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அரசுத் தரப்பு தந்த தமிழ் மொழிபெயர்ப்பில் சில சொற்கள் விடுபட்டிருந்தன. உறுதிமொழி செல்லாது என்றாகி, அவர் மறுபடியும் எடுக்க நேர்ந்தது. சட்டமன்ற உறுப்பினருக்குச் சில சொற்கள் குறைந்தாலே அது செல்லாது. ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் நோட்டீஸ் செல்லும்! இந்த அளவுகோலுக்கு என்ன பெயர்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்படவேண்டும் என்கிறது. அரசமைப்பின் 350-ஆவது பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மத்திய, மாநில அதிகாரி எவருக்கும் தரும் உரிமையை வழங்குகிறது. ஆனால் இவற்றில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மக்கள் முதலில் எழுதினால்தான் தமிழில் பதில். அரசு முதலில் எழுதினால்? வரி நோட்டீஸ் என்பதே அரசு முதலில் எழுதும் கடிதம். உரிமை மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் சட்டம் வாய்மூடி நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ஓட்டையை அடைக்க எந்த முன்னணி ஆட்சிக்கும் மனம் வரவில்லை. மாநில ஜி.எஸ்.டி. துறை தன்னை வரிசெலுத்துவோர் சேவை, தணிக்கை, புலனாய்வு என்று மூன்றாகப் பிரித்துச் சீரமைத்துக்கொண்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. மூணாறு போன்ற ஊரில் தமிழில் விளக்கம் சொல்ல ஒரு மேசை வைக்கவேண்டும் என்பது மட்டும் அந்தச் சீரமைப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜி.எஸ்.டி. படிவங்கள் நாடு முழுவதற்கும் பொதுவானவை, மாநிலம் மாற்ற முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். படிவத்தை மாற்றச் சொல்லவில்லை. என்ன தொகை, எதற்காக, எந்தத் தேதிக்குள் பதில், எங்கே மேல்முறையீடு என்று தமிழில் ஒரு பக்கம் இணைத்து அனுப்பினால் எந்தச் சட்டம் தடுக்கிறது? உடுமலைப்பேட்டை சர்வோதய சங்கம் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, போர்ட்டலில் ஏற்றியது மட்டும் போதாது என்று சொல்லியது. பதிலே வராதபோது அதிகாரி வேறு வழியிலும் நோட்டீஸைச் சேர்ப்பிக்கவேண்டும் என்று அதே ஆண்டில் சென்னையிலும் தீர்ப்பு வந்தது. அவை கேரள அதிகாரிகளைக் கட்டுப்படுத்தா என்பது சரிதான். மலைக்கு அந்தப்பக்கம் நியாயமாகத் தெரிவது இந்தப்பக்கம் தெரியாமல் போவது எப்படி?

வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஏலக்காயை பில் இல்லாமல் மலையிறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடியுங்கள், தமிழரானாலும் பிடியுங்கள். ஆனால் 2021 மார்ச் 31 நிலவரப்படி கேரளத்தின் வருவாய் நிலுவை 21,797.86 கோடி ரூபாய் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கையே கூறியது. அத்தனை கோடி ஆண்டுக்கணக்கில் தூங்கும்போது, எல்லைக் கிராமத்து மளிகைக் கடைக்காரரின் பாக்கிக்கு மட்டும் தண்டோரா போடாத குறையாக ஜப்தி வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேரள நிதித்துறையும் மாநில வரி ஆணையரும் உடனே செய்யவேண்டியவை உண்டு. தமிழ்ச் சிறுபான்மைத் தாலுகாக்களுக்குப் போகும் ஒவ்வொரு வரி நோட்டீஸுடனும் தணிக்கை அறிவிப்புடனும் தமிழ்ப் படி இணைக்கப்படவேண்டும். அது பதிவுத் தபாலில் சேர்ந்தபிறகே ஒருதலைப்பட்சமான உத்தரவு போடுவது என்று துறை உத்தரவிடவேண்டும். பதிலே பெறாமல் இதுவரை போடப்பட்ட உத்தரவுகளில் வசூல் நடவடிக்கையை நிறுத்திவைத்து, சம்பந்தப்பட்டவரை ஒருமுறையாவது அழைத்துக் கேட்கவேண்டும். ஓட்டுநரின் வாக்குமூலம் அவர் படிக்கும் மொழியில் எழுதப்படவேண்டும். ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நாடு 8 ஆண்டு காத்திருந்தபின் 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. கேரளத்தில் அதற்கு இடம் எர்ணாகுளமும் திருவனந்தபுரமும். மறையூரிலிருந்து அங்கே போகும் நிலை வருவதற்கு முன்பே, தாலுகா அளவில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் முன்னால் பேசித் தீர்க்க வழி வேண்டும்.

எல்லைப் பகுதி வியாபாரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் இருப்பது யாருடைய கைபேசி எண் என்று இன்றே பாருங்கள், உங்களுடையதாக மாற்றுங்கள். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் போர்ட்டலில் பதிலை ஏற்றுங்கள். அதோடு, தமிழ்ப் படி கேட்டுத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, திருவனந்தபுரத்தில் உள்ள மாநில வரி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் துறைத் தலைவர். உங்களுக்குத் தமிழில் பதில் தரவேண்டியது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கடமை.