லஸ்கர் தூங்கினால்

மேட்டூர் அணையில் 120 அடிக்கும் தண்ணீர் ததும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் 12-ஆம் தேதி வழக்கம்போல் திறந்துவிட்டார்கள். கல்லணையும் திறந்தாயிற்று, வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது. ஆனால் நம் ஊர்க் கிளை வாய்க்காலின் மதகுச் சாவி லஸ்கரிடம் இருக்கிறது. லஸ்கரோ திண்ணையில் துண்டை விரித்துப் படுத்து நித்திரை போகிறார். நாற்றங்காலுக்குச் சொட்டு நீர் வருமா? மேட்டூரில் 93 டி. எம். சி. இருந்தும் நமக்கு ஆவதென்ன?

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் புதுவகை மோட்டார் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், பெரும்பாலும் அதன் காரணம் இதுவேதான். பெரிய பாட்டரி நிறைந்திருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, லஸ்கர் உறங்குகிறார். சென்ற சில மாதங்களில் இவ்விஷயம் பற்றி நம்மிடம் விசாரித்த அன்பர்கள் பலர். ஆகையால் இவ்வாரம் இதையே சற்று விரிவாக எழுதலாம் என்று எண்ணினோம்.

இவ்வினத்து வண்டிக்கு ஹைப்ரிட் என்று பெயர். நம் பாஷையில் இரட்டை மாட்டு வண்டி என்று சொன்னால் குற்றமில்லை. ஒரு மாடு பெட்ரோல், மற்றொன்று மின்சாரம். வீட்டுச் சுவரில் செருகி மின்சாரம் ஏற்றிக்கொள்ளக் கூடியது ப்ளக்-இன் ஹைப்ரிட். இது நேற்று முளைத்த யோசனை அன்று. 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினண்ட் போர்ஷே என்பவர் வியன்னா நகரத்து லோனர் கம்பெனிக்காக இத்தகைய வண்டி ஒன்றைச் செய்து காட்டினார். பிறகு அதை உலகம் மறந்தே போயிற்று. 1997-ஆம் வருஷம் டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தது; 2008 டிசம்பரில் சீனாவில் பி. ஒய். டி. கம்பெனியார் செருகு வகையை விற்கத் தொடங்கினர். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் ஷெவர்லே வோல்ட் வந்தது. நம் தேசத்தில் செருகு வகையில் விற்பனைக்கு வந்தவை மிகச் சில. அவையும் வால்வோ, பி. எம். டபிள்யூ. போன்ற தனவந்தர் வண்டிகள். செருகாத வகையோ 2022-க்குப் பிறகு தஞ்சாவூர் கும்பகோணம் சாலையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. கிளம்பும் விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி. ஆதலால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

இனி லஸ்கர் யார் என்று பார்ப்போம். வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரியில் நானூறு வோல்ட் வரை இருக்கக் கூடும். வண்டி நிற்கும்போது இப்பெரிய பாட்டரியை மற்ற பாகங்களிலிருந்து முற்றும் துண்டித்து வைத்திருப்பார்கள். மனிதர் உயிரை உத்தேசித்துச் செய்த ஏற்பாடு இது. மறுபடி இணைப்பதற்குப் பருமனான ரிலேக்கள் உண்டு. அந்த ரிலேக்களை மூடுவதற்கும், வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறிகளைத் துயிலெழுப்புவதற்கும் வேண்டிய மின்சாரம், சாதாரணக் கார்களில் உள்ளது போன்ற ஒரு 12 வோல்ட் சின்ன பாட்டரியிலிருந்து வருகிறது. அது சோர்ந்துவிட்டால் ரிலே மூடாது. ரிலே மூடாவிட்டால் பெரிய பாட்டரியின் சக்தி வெளியே வராது. எஞ்சினைச் சுற்றிவிடுவதும் பெரிய பாட்டரியின் சக்தியால் இயங்கும் மோட்டார்தான் என்பதால், பல வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினும் கிளம்பாது. இரண்டு மாடும் தொழுவத்தில் நிற்க, நுகத்தடி பூட்ட ஆள் இல்லாத கதை!

எஞ்சினைச் சுற்றுவதற்கும் மின்சாரம் உண்டாக்குவதற்கும் ஒரே யந்திரம் என்பதும் பழைய சரக்குத்தான். 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் காடிலாக் வண்டிக்குச் செய்துகொடுத்த முதல் மின்சார ஸ்டார்ட்டர் இரண்டு வேலையையும் செய்தது. அதற்கு முன் கையால் கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதே 1912-இல்தான் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது அவருடைய கம்பெனி கரிவாயு உலைகளைச் செய்து பஸ்களுக்குப் பொருத்திற்று. அந்தக் காலத்துப் பஸ் டிரைவர் கரியை மூட்டி, வாயு ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அதை நினைக்கும்போது இப்போதைய சிரமம் சிரமமே அன்று.

சின்ன பாட்டரி ஏன் சோர்கிறது? பெரும்பான்மை நம் கைக்காரியம்தான். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் ரேடியோ பாடும், விளக்கு எரியும். ஆனால் வண்டி கிளம்பியதாக ஆகாது. அந்த நிலையில் அரைமணி நேரம் கச்சேரி கேட்டால் கேட்டது முழுவதும் சின்ன பாட்டரியின் செலவு. பிரேக்கை நன்றாக மிதித்து, கியர் 'பி'யில் இருக்க, பொத்தானை அழுத்தி, 'ரெடி' என்ற எழுத்து ஒளிர்ந்த பிறகே பெரிய பாட்டரி சின்னதற்குச் சோறு போடத் தொடங்கும். ரெடி ஆன வண்டி சத்தமே போடாது. சத்தமில்லை என்பதனால் கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறவர்களும் உண்டு.

இரண்டாவது காரணம் சும்மா கிடத்தல். மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அதுவரை ஷெட்டில் கிடந்த வண்டி, திருட்டு மணிக்கும் சாவியின் வருகையை எதிர்பார்ப்பதற்கும் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. சுவரில் செருகித்தானே வைத்திருந்தோம் என்பார்கள். செருகியிருந்தால் பெரிய பாட்டரி நிறையும். அது நிறைந்த பின்பு சின்ன பாட்டரியைப் பல வண்டிகள் கவனிப்பதில்லை. இது வண்டிக்கு வண்டி மாறும். கைப்புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

பரிசோதனை சுலபம். கடைத்தெருவில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவெல்லாம் நின்ற வண்டியின் சின்ன பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் பூரண சௌக்கியம். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய பட்டினி. ரெடி ஆன பிறகு 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாட்டரியைப் புதிதாக மாற்றியும் பிரயோஜனமில்லை. பெரிய பாட்டரியிலிருந்து சின்னதற்கு ஊட்டும் கருவியில் கோளாறு.

வண்டி கிளம்பவில்லை என்றதும் தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது நம் ஊர் தர்மம். இவ்வண்டியிடம் அது செல்லாது. தெற்கு வீதி முழுவதும் தள்ளினாலும் கிளம்பாது. வேறு பாட்டரியிலிருந்து கம்பி போட்டுத்தான் எழுப்ப வேண்டும். எழுப்புவதற்கு அதிக சக்தி தேவையில்லை. எஞ்சினைச் சுற்ற வேண்டாம், கணிப்பொறியும் ரிலேயும் விழித்தால் போதும். சின்ன பாட்டரி பல வண்டிகளில் பின்புறப் பெட்டியிலோ பின் ஆசனத்தின் கீழோ இருக்கும். கம்பி கொடுப்பதற்கென்று முன் மூடியின் கீழே தனியாக ஒரு முனை வைத்திருப்பார்கள். சிவப்புக் கம்பியை முதலில் நம் வண்டியின் '+' முனையில் மாட்டுக. அதன் மறுநுனி உதவி செய்யும் பாட்டரியின் '+' முனைக்கு. கறுப்புக் கம்பி உதவி பாட்டரியின் '−' முனையில். அதன் மறுநுனி, நம் வண்டியில் பாட்டரியை விட்டுத் தள்ளியுள்ள வெறும் இரும்பில். பிறகு பிரேக்கை மிதித்து அழுத்தினால் ரெடி வரும். கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் கழற்றிவிட்டு அரைமணிக்குக் குறையாமல் ரெடியிலேயே வைத்திருப்பது நலம். அப்போது எஞ்சின் தானே கிளம்பக் கூடும். ஆகவே மூடிய ஷெட்டில் இதைச் செய்யலாகாது. பெட்ரோல் புகையில் உள்ள விஷவாயுவுக்கு நாற்றம் கிடையாது.

கம்பியை மட்டும் மாற்றி மாட்டிவிட்டால், சில நூறு ரூபாயில் தீர வேண்டிய காரியம் பல்லாயிரத்தில் போய் முடியும். இந்த வண்டியின் சின்ன பாட்டரியைக் கொண்டு பக்கத்து வீட்டு டீசல் வண்டியை எழுப்பப் போவதும் வேண்டாம். அதற்கு அந்தத் திராணி இல்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். நாம் பள்ளிக்கூடத்தில் உபாத்திமைத் தொழில் செய்கிறவர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாத பையன்கள் பலர் மறு வருஷமே புறவழிச் சாலை ஒர்க்ஷாப்பில் கையில் ஸ்பானருடன் நிற்பதைப் பார்க்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளைகள். டீசல் எஞ்சினைக் காதால் கேட்டே நோய் சொல்வார்கள். ஆனால் இவர்களுக்கு இவ்வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. ஆரஞ்சு நிறக் குழாய்க்குள் போகும் கம்பியில் நானூறு வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கக் கூடும் என்பதும், அதைத் துண்டிப்பதற்கென்று தனிச் செருகி உண்டு என்பதும், துண்டித்த பின்பும் சுமார் பத்து நிமிஷம் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதும், ரப்பர் கையுறை விசேஷமாக மின்சாரத்துக்கென்றே சோதித்ததாக இருக்க வேண்டும் என்பதும் யார் சொல்ல? ஆகவே நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்: சின்ன பாட்டரியை மாற்றவோ எழுப்பவோ எந்த மெக்கானிக்கையும் கூப்பிடலாம். ஆரஞ்சுக் கம்பி இருக்கும் மூடியைத் திறக்குமாறு மட்டும், பயிற்சி பெறாத எந்தப் பையனையும் அவசரப்படுத்தாதீர்கள். 'சும்மா பார், தம்பி' என்று நாம் சொன்னால் அவன் நம் முகத்துக்காகத் திறந்துவிடுவான்.

நாம் பார்த்த கைப்புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், நானூறு ஐந்நூறு பக்கம். தமிழ்நாட்டில் விற்கிற வண்டிக்குத் தமிழில் நாற்பது பக்கம் எழுத ஆள் இல்லையா? இத்தனைக்கும் காரைக்குடியில் மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த ஸ்தாபனம் அது. பாட்டரி ஆராய்ச்சி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அறிவு நம் வாயிலண்டையே இருக்கிறது. ஒர்க்ஷாப்புக்கு வந்து சேர வாய்க்கால்தான் வெட்டவில்லை.

அடுத்தது எலி. சிரிக்க வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து தையும் மாசியும் ஆனதும், வயலில் தின்று கொழுத்த எலிகளுக்கு அங்கே வேலையில்லை. வைக்கோற்போருக்கும் அதை ஒட்டிய ஷெட்டுக்கும் குடிவருகின்றன. எஞ்சின் அறை இதமாக இருக்கும். கம்பியின் மேலுறை பல்லுக்கு ருசி. ஒரு மெல்லிய கம்பி அறுந்தால் போதும், கணிப்பொறி எதையோ சந்தேகித்து ரெடி தர மறுக்கும். தஞ்சாவூர் கிட்டி என்று மூங்கிலில் வில் போலக் கட்டி நம் குடியானவர்கள் வயலில் வைக்கும் பொறி, வேளாண்மைப் புத்தகங்களிலேயே இடம் பெற்றது. அந்தக் கிட்டிகளில் இரண்டை ஷெட்டின் ஓரத்தில் வைப்பது உத்தமம். வண்டியின் பக்கத்தில் நெல் மூட்டை, தவிடு, புண்ணாக்கு எதுவும் வைக்கலாகாது. பத்து நாளைக்கு ஒரு முறை முன் மூடியைத் தூக்கிப் பார்த்துப் புழுக்கை இருக்கிறதா என்று கவனிப்பது எந்தக் கணிப்பொறியும் செய்யாத காரியம்.

செருகும் கம்பியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியைக் குறை கூறுமுன் வீட்டு எர்த்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இராது. இருந்தாலும் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து போயிருக்கும். எர்த் இல்லாத இடத்தில் கருவி மின்சாரம் ஏற்ற மறுப்பது நம் நன்மைக்கே. 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற பருத்த கம்பியும் வேண்டும். கம்பி செருகியிருக்கும் வரை வண்டி நகராது என்பதையும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டியை, நீர் வடிந்ததும் கிளம்புகிறதா என்று சோதிக்கவே கூடாது. ஈரத்தால் காப்பு குறைந்ததை வண்டி உணர்ந்தால் தானே மறுக்கும், உணராவிட்டால் அபாயம். சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் வேண்டாம், லாரி மேல் ஏற்றிச் செல்ல வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினம் மின்சாரத்திலேயே கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர்களின் தொட்டியில் பெட்ரோல் மாதக் கணக்கில் கிடந்து கெடும். 2025 முதல் நம் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும் குணமுடையது. மேலே சொன்ன வோல்ட் வண்டியில், ஆறு வாரம் எஞ்சின் ஓடாவிட்டால் தானே ஓட்டிக்கொள்ளும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லா வண்டியிலும் அவ்வளவு கரிசனம் இராது. மாதம் ஒரு முறை எஞ்சினையும் ஓட்டி, பழைய பெட்ரோலைச் செலவழித்துப் புதிது கொஞ்சம் போட்டுவைக்க வேண்டும். தொட்டியை வற்றவும் விடலாகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் ஜில்லாக்களின் பல கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் சுவரில் செருகி ஆவது ஒன்றுமில்லை. நோயாளியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது தொட்டியில் உள்ள பெட்ரோல்தான். ஐப்பசி பிறந்ததும் அரைத் தொட்டிக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதும், மல்டிமீட்டரைச் சின்ன பாட்டரியில் ஒருமுறை வைத்துப் பார்ப்பதும், சாவிக்குள் இருக்கும் காசு போன்ற பாட்டரியை மாற்றிவிடுவதும் ஒரே காலையில் முடிகிற வேலைகள். அந்தச் சாவிக்குள்ளேயே சாதாரண இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கிறது. சின்ன பாட்டரி அடியோடு செத்தால் கதவைத் திறப்பது அதுதான். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.